வியாழனின் வழித்துணை

ஞாயிற்றைச் சுற்றிவரும் கோள்கள் எட்டனுள்ளும் உருவிற் பெரியது வியாழன். ஏனைய ஏழு கோள்களையும் ஒருங்கு திரட்டி ஒரு தட்டிலும், வியாழனை மட்டும் மற்றொரு தட்டிலும் இட்டு நிறுக்க இயலுமாயின், வியாழன் இருக்கும் தட்டே தாழும். நமது நிலவுலகின் பொருண்மையைப் போல 318 மடங்கு பொருண்மை உடையது அது. ஞாயிற்றிலிருந்து ஏறத்தாழ 77 கோடியே 80 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இயங்கும் அக்கோள், பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்றே குறைந்த காலத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றது. குடந்தையில் மாமாங்கப் பெருவிழா பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்வதும், வியாழன் மீண்டும் சிம்ம இராசிக்கு வந்து சேரும் அக்கால அளவை ஒட்டியே ஆகும்.

இத்தகைய பெருங்கோள் செல்லும் வழியிலே வேறொரு பொருள் செல்லத் துணியுமோ? துணியின், ஒன்று அக்கோளின்மேல் மோதி அழியும். அன்றேல் அதன் ஈர்ப்பினால் வீசி எறியப்பட்டு எங்கேனும் போய்விடும் என்றே எவரும் எண்ணுவர். அவ்வெண்ணம் பெரும்பாலும் மெய்யே. வியாழனை அணுகிய வால்மீன்கள் பல அவ்வாறு சிதறியும் திசைமாறியும் போயின. ஆயினும், வியாழன் செல்லும் அதே வழியில், அதே காலத்தில் ஞாயிற்றைச் சுற்றிக்கொண்டு, அதனோடு மோதாமலும் அதனை விட்டு விலகாமலும் எண்ணிறந்த ஆண்டுகளாகச் சென்றுகொண்டிருக்கும் பொருள்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியது ஹெக்டர் என்னும் சிறுகோள். கரித்துண்டினைப் போல் இருண்ட மேனியும், நீண்ட உருவும் உடையது அது.

சிறுகோள்கள் என்பன ஞாயிற்றைச் சுற்றிவரும் பாறைத் திரள்கள் ஆகும். சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ நகரத்துத் துறவி பியாத்சி என்பார் 1801ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல்நாள் இரவில் சீரிஸ் என்பதனை முதற்கண் கண்டார். அதன்பின் அடுத்தடுத்து நூற்றுக்கணக்கானவை புலப்பட்டன. அவற்றுள் மிகப் பலவும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியிலேயே இயங்குவன. வியாழன் வழியிலேயே ஒரு சிறுகோள் இருத்தல் கூடும் என்று அந்நாளைய வானநூலார் எவரும் தேடினாரல்லர். ஆனால் அங்ஙனம் இருத்தல் கூடும் என்பதனை, தொலைநோக்கியைத் தொடாமல் ஏட்டையும் எழுதுகோலையும் மட்டுமே துணைக்கொண்டு கண்டு கூறியவர் ஒருவர் இருந்தார்.

அவர் லக்ராஞ்சு என்னும் கணிதப் பேரறிஞர். இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் 1736ஆம் ஆண்டு பிறந்த அவர், தமது வாழ்வின் நடுப்பகுதியைப் பெர்லின் நகரிலும் இறுதிப் பகுதியைப் பாரிசு நகரிலும் கழித்தார். அக்காலத்துக் கணித வல்லாரை எல்லாம் மலைக்கவைத்த வினா ஒன்று இருந்தது. இரண்டு பொருள்கள் தம்முள் ஒன்றையொன்று ஈர்க்குமாயின் அவை எவ்வாறு இயங்கும் என்பதனை நியூட்டன் தெளிவாக விளக்கியிருந்தார். ஆனால் மூன்றாவது பொருள் ஒன்று இடையே புகுந்துவிட்டால் கணக்கு முற்றிலும் கலைந்துவிடும். மூன்றும் ஒன்றையொன்று இழுக்க, ஒவ்வொன்றின் இடமும் நொடிதோறும் மாற, அதனால் இழுப்பும் மாற, அம்மாற்றத்தால் மீண்டும் இடம் மாற, முடிவே இல்லாத சிக்கலாய் அது விரியும். இதனை 'மூன்று பொருட் சிக்கல்' என்பர்.

இச்சிக்கலை முற்றும் அவிழ்த்தல் அரிது என்று உணர்ந்த லக்ராஞ்சு, அதனுள் எளிய நிலை ஏதேனும் உண்டோ என ஆராய்ந்தார். உண்டு என்று 1772ஆம் ஆண்டில் கண்டார். மூன்று பொருள்களும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலைகளில் நிற்குமாயின், அவை எத்துணைக் காலம் சுழன்றாலும் அம்முக்கோண வடிவம் குலையாது என்பதே அவர் கண்ட உண்மை. அவ்வாண்டு பாரிசு அறிவியற் கழகம் அளித்த பரிசினை, ஆய்லர் என்னும் மற்றொரு கணிதப் பெரியாரோடு அவர் பகிர்ந்துகொண்டார். ஆயினும் இயற்கையில் அத்தகைய முக்கோணம் அமைந்திருத்தல் கூடும் என லக்ராஞ்சு கருதவில்லை. அறிவுக்கு இனிமை தரும் ஒரு விந்தைக் கணக்கு என்ற அளவிலேயே அதனை விட்டுவிட்டார். 1813ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் வரைந்த முக்கோணம் மட்டும் நூலினுள்ளே உறங்கிக் கிடந்தது.

அம்முக்கோணத்தை வானில் பொருத்திப் பார்ப்போமாயின், ஒரு மூலையில் ஞாயிறும், மற்றொரு மூலையில் வியாழனும் நிற்கும். மூன்றாம் மூலை, வியாழன் செல்லும் வட்டத்திலேயே, வியாழனுக்கு 60 பாகை முன்னே அமையும். வியாழனுக்கு 60 பாகை பின்னேயும் இவ்வாறே மற்றொரு மூலை அமையும். ஆக, இடங்கள் இரண்டு. முக்கோணம் சமபக்கம் உடையதாகையால், அவ்விடத்தில் இருக்கும் பொருளுக்கு ஞாயிறு எத்துணைத் தொலைவோ அத்துணைத் தொலைவே வியாழனும். ஒரே வழியிற் செல்வன என்று சொன்ன அளவில் இரண்டும் அருகருகே செல்வன போலத் தோன்றும். மெய்யாகவே அவற்றின் இடையே கிடப்பது, ஞாயிற்றுக்கும் நிலவுலகுக்கும் உள்ள தொலைவைப் போல ஐந்து மடங்கிற்கும் மிகுந்த வெட்டவெளி.

அவ்விடத்தில் நிற்கும் பொருள் அங்கேயே நிலைத்து நிற்பது யாங்ஙனம்? இது சிறிது நுட்பமானது. ஆயினும் விளங்கிக்கொள்ள முடியாதது அன்று. ஞாயிற்றைச் சுற்றும் பொருள்களுக்கெல்லாம் பொதுவான விதி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கு அண்மையில் உள்ளது விரைந்து செல்லும். சேய்மையில் உள்ளது மெல்லச் செல்லும். அதனாலன்றோ புதன் 88 நாளில் ஒரு சுற்றை முடிக்க, வியாழனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டியிருக்கின்றன! இவ்விதியை மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும்.

வியாழனுக்கு 60 பாகை முன்னே ஒரு சிறுகோள் செல்கின்றது எனக் கொள்க. ஏதோ ஒரு காரணத்தால் அஃது இடம் பிறழ்ந்து, பின்னே வரும் வியாழனைச் சிறிது நெருங்கலாயிற்று. நெருங்கவே வியாழனின் ஈர்ப்பு மிகுந்து அதனைப் பின்னோக்கி இழுக்கும். பின்னோக்கி இழுக்கப்பட்டது பின்னேதான் செல்லும் என்பது நமது அன்றாட அறிவு. வானிலோ நிகழ்வது அதற்கு நேர்மாறானது. பின்னே இழுக்கப்பட்டதனால் சிறுகோளின் ஆற்றல் குறைகின்றது. ஆற்றல் குறையவே, ஞாயிற்றின் பக்கமாகச் சற்றுச் சரிந்து உள்வட்டத்திற்கு அது வந்துவிடுகின்றது. உள்வட்டத்தில் உள்ளது விரைந்து செல்லும் என்பது விதியாதலின், அது முன்னிலும் வேகமாய் ஓடி வியாழனைவிட்டு விலகுகின்றது. பின்னே இழுத்தால் முன்னே ஓடுவது! பிடிவாதமுள்ள குழந்தையின் இயல்பு போன்றது இது.

அங்ஙனமாயின் அஃது ஓடிக்கொண்டே இருக்குமோ எனின், இல்லை. வியாழன் சிறுகோளை மட்டும் இழுப்பதன்று. ஞாயிற்றையும் தன்பால் சிறிது இழுத்து அசைக்கின்றது. ஞாயிறும் வியாழனும் தமக்குப் பொதுவான ஒரு நடுப்புள்ளியைச் சுற்றியே இயங்குகின்றன. சிறுகோள் 60 பாகையைக் கடந்து மேலும் முன்னே சென்றுவிடுமாயின், இவ்விரு பொருள்களின் இழுப்பும் சேர்ந்து அதனை முன்னோக்கி உந்துகின்றன. முன்னே உந்தப்பட்டது ஆற்றல் மிகப் பெற்று வெளிவட்டத்திற்கு ஏறுகின்றது. வெளிவட்டத்தில் வேகம் குறைவாதலின், மெல்ல மெல்லப் பின்தங்கித் தன் பழைய இடத்தை நோக்கி வருகின்றது. இவ்வாறு முன்னும் பின்னுமாய், ஊஞ்சலைப் போல் அஃது ஆடிக்கொண்டே வியாழனோடு செல்கின்றது. ஓர் ஆட்டம் நிறைவதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகும். ஹெக்டர் கண்டறியப்பட்டது 1907ஆம் ஆண்டில். அன்று தொட்டு இதுவரை ஓர் ஆட்டந்தானும் முழுமையாக நிறைவு பெறவில்லை.

இவ்வமைதி எல்லா இடத்தும் வாய்க்காது. இரண்டு பெரும் பொருள்களுள் ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ 25 மடங்கேனும் மிக்க பொருண்மை உடையதாய் இருத்தல் வேண்டும் என்பது பின்வந்த கணிதர் கண்ட முடிவு. ஞாயிறு வியாழனைப் போல ஆயிரம் மடங்கிற்கு மேற்பட்ட பொருண்மை உடையதாதலின், இங்கே ஐயத்திற்கு இடமில்லை.

இனி அக்கணக்கு மெய்யான வரலாற்றைக் காண்போம். செருமனி நாட்டில் ஹைடல்பர்க்கு என்னும் தொன்மையான பல்கலைக்கழக நகர் ஒன்று உளது. அந்நகரை அடுத்த குன்றின் பெயர் கோனிக்ஸ்டூல். 'அரசிருக்கை' என்பது அதன் பொருள். அக்குன்றின்மேல் அமைந்த வானாய்வுக் கூடத்திற்குத் தலைவராய் இருந்தவர் மாக்ஸ் வுல்ஃபு என்னும் அறிஞர். அவர்க்கு முன்னிருந்தோர், இரவெல்லாம் தொலைநோக்கியில் கண்பதித்து, விண்மீன்களின் இடையே இடம்பெயரும் புள்ளி யாதெனத் தேடிக் களைத்தனர். வுல்ஃபு அவ்வருத்தத்தைத் தவிர்த்தார். தொலைநோக்கியோடு நிழற்படக் கருவியைப் பொருத்தி, விண்மீன்களின் போக்கிற்கு ஏற்ப அதனை மெல்லத் திருப்பிக்கொண்டு, தகட்டின்மீது நெடுநேரம் ஒளி விழுமாறு செய்தார். அவ்வாறு எடுத்த படத்தில் விண்மீன்கள் புள்ளிகளாய்ப் பதியும். இடம்பெயரும் சிறுகோளோ ஒரு சிறு கோடாய்ப் பதியும். இம்முறையைச் சிறுகோள்களைத் தேடுதற்கு 1891ஆம் ஆண்டில் முதன்முதல் கையாண்டவர் அவரே. வலைவீசுவார்க்கு மீன் அகப்படுவதுபோல், அன்றுமுதல் சிறுகோள்கள் அவர் தகடுகளில் திரளாய் அகப்பட்டன.

1906ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் அவர் கண்ட சிறுகோள் ஒன்று ஏனையவற்றின் இயல்பினின்று வேறுபட்டு, மிக மெல்ல இயங்கியது. மெல்ல இயங்குவது சேய்மைக்கு அடையாளம் அன்றோ! அதன் வழியைக் கணித்துப் பார்த்தபோது, வியாழனின் வட்டத்திலேயே அது செல்வது தெரியவந்தது. சுவீடன் நாட்டு லுண்டு நகரில் இருந்த சார்லியர் என்னும் வானநூல் வல்லார் அதனை நுணுகி நோக்கினார். வியாழனுக்கு முன்னே ஏறத்தாழ 60 பாகை தொலைவில் அஃது இருப்பதனைக் கண்டு, லக்ராஞ்சு கூறிய முக்கோணத்தின் மூன்றாம் மூலை இதுவே என உணர்ந்தார். விந்தைக் கணக்கு என்று நூலாசிரியரே ஒதுக்கிவைத்த ஒன்று, 134 ஆண்டுகளுக்குப் பின்னர் வானில் கண்கூடாயிற்று.

அவ்வாண்டு அக்டோபரில், வுல்ஃபிடம் பணிபுரிந்த ஆகஸ்டு கோப்ஃபு என்னும் இளைஞர், வியாழனுக்குப் பின்னே வரும் மூலையில் மற்றொரு சிறுகோளைக் கண்டார். மறு ஆண்டு, 1907 பிப்ரவரி 10ஆம் நாள், முன்செல்லும் மூலையில் இன்னும் ஒன்றை அவரே கண்டார். அதுவே ஹெக்டர். சிறுகோள் வரிசையில் அதன் எண் 624. அதனைக் கண்டபோது கோப்ஃபுக்கு அகவை இருபத்தைந்து.

இம்மூன்றற்கும் பெயரிட்ட வரலாறு சுவையானது. அதுவரையில் சிறுகோள்களுக்குப் பெரும்பாலும் பெண்பாற் பெயர்களையே இட்டுவந்தனர். இவை புதிய இனமாய் இருத்தலின் புதிய பெயர்கள் வேண்டும் எனக் கருதி, வியன்னா நகரத்துப் பலீசா என்பார், துரோய் நகரப் போரில் ஈடுபட்ட வீரர்தம் பெயர்களை இடலாம் எனக் கூறினார். கிரேக்கப் பெரும்புலவர் ஹோமர் இயற்றிய 'இலியட்' என்னும் காப்பியம் அப்போரினைப் பொருளாகக் கொண்டது. முதலிற் கண்டது அக்கிலீஸ் ஆயிற்று. கிரேக்கர் படையின் தலைசிறந்த வீரன் அவன். இரண்டாவது பட்ரோக்லஸ், அக்கிலீசின் ஆருயிர்த் தோழன். மூன்றாவது ஹெக்டர், துரோய் மன்னனின் மகன், அந்நகரைத் தன் தோள்வலியால் காத்துநின்றவன். ஹெக்டர் பட்ரோக்லசைக் கொன்றான். அதற்குப் பழியாக அக்கிலீஸ் ஹெக்டரைக் கொன்றான். இதுவே அக்காப்பியக் கதையின் உயிர்நிலை.

பின்னர் இவ்வினத்தைச் சேர்ந்த சிறுகோள்கள் மேலும் மேலும் கண்டறியப்பட்டபோது ஒரு மரபு வகுத்தனர். வியாழனுக்கு முன்னே செல்வனவற்றிற்குக் கிரேக்க வீரர் பெயரும், பின்னே வருவனவற்றிற்குத் துரோய் வீரர் பெயரும் இடுவது என்பது அம்மரபு. ஆகவே முன்னணி கிரேக்கர் பாசறை எனவும், பின்னணி துரோயர் பாசறை எனவும் வழங்கலாயின. இரண்டிற்கும் பொதுவாக 'துரோயர்' என்பதே பெயராயிற்று. ஆனால் மரபு தோன்றுமுன் பெயர்பெற்ற இருவர் மட்டும் பகைவர் பாசறையில் அகப்பட்டுக்கொண்டனர். துரோய் வீரனாகிய ஹெக்டர் கிரேக்கர் நடுவே நிற்கின்றான். கிரேக்கனாகிய பட்ரோக்லஸ் துரோயர் நடுவே நிற்கின்றான். பின்னர் இதனை மாற்ற எவரும் முன்வந்திலர்; மாற்றாது விட்டதும் நன்றே. இடுகுறியாய் அமைந்த இப்பெயர்களுள்ளே ஒரு கதையும் தங்கிவிட்டது. இன்று இவ்வினத்துச் சிறுகோள்கள் பதினாயிரத்துக்கும் மேற்பட்டன அறியப்பட்டுள்ளன. ஹோமர் பாடிய வீரர்தம் பெயர்கள் எவ்வாறு போதும்? ஆதலின் 2018ஆம் ஆண்டு முதல், இவற்றுள் மிகச் சிறியனவற்றிற்கு ஒலிம்பிக்கு விளையாட்டு வீரர் பெயர்களையும் இடலாம் என உலக வானியல் ஒன்றியத்தார் இசைந்துள்ளனர்.

ஹெக்டரின் உருவைப் பற்றி இனிக் கூறவேண்டும். வெறுங்கண்ணுக்கு அது புலனாவதில்லை. பெரிய தொலைநோக்கியிலும் ஓர் ஒளிப்புள்ளியாகவே தோன்றும். அதற்குக் காரணம் தொலைவு மட்டும் அன்று. அதன் மேனி மிக இருண்டது. தன்மேல் விழும் ஞாயிற்றொளியில் நூற்றில் சில பங்கை மட்டுமே அது திருப்பி வீசுகின்றது. எஞ்சியதை எல்லாம் உண்டுவிடுகின்றது. வியாழனிருக்கும் தொலைவில் ஞாயிற்றொளி நமக்குக் கிடைப்பதில் இருபத்தேழில் ஒரு பங்கே ஆகும். அச்சிற்றொளியிலும் பெரும்பகுதியை உண்ணும் பொருளை இங்கிருந்து காண்டல் எளிதாமோ?

இருண்ட பொருளின் அளவை அறிவது எப்படி? மங்கலாய்த் தோன்றும் புள்ளி, சிறியதாகவும் வெளிறியதாகவும் இருக்கலாம். பெரியதாகவும் இருண்டதாகவும் இருக்கலாம். ஒளியை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் வேறுபிரித்தல் இயலாது. ஆனால் உண்ட ஒளியெல்லாம் வெப்பமாய் மாறி வெளிப்பட்டே தீரும். கோடையில் கருங்கல் தரை சுடுவதும், வெள்ளைச் சுண்ணம் பூசிய தளம் அத்துணைச் சுடாமையும் யாவரும் அறிந்தனவே. ஆகவே ஒளியையும், கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிரையும் ஒருங்கே அளந்து ஒப்பிட்டால், பொருளின் பருமனும் நிறமும் தெரிந்துவிடும். இம்முறையால் கண்டவாறு, ஹெக்டரின் சராசரிக் குறுக்களவு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. துரோயர் இனத்தில் வேறெதுவும் அத்துணைப் பெரிதன்று.

சராசரி என்று கூறியதற்குக் காரணம் உண்டு. ஹெக்டரின் ஒளி ஒரே நிலையில் இருப்பதில்லை. ஏறத்தாழ ஏழு மணி நேரத்திற்குள் இருமுறை கூடி இருமுறை குறைகின்றது. சில ஆண்டுகளில், மிக்க ஒளி குறைந்த ஒளியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்காகின்றது. வேறு சில ஆண்டுகளில் வேறுபாடே பெரிதும் தோன்றுவதில்லை. 1969ஆம் ஆண்டில் டன்லப், கெரெல்ஸ் என்னும் இருவர் இவ்வொளி மாற்றத்தை ஆராய்ந்து, ஹெக்டர் உருளைபோல் நீண்ட வடிவுடையது. தன்னைத்தானே சுற்றும்போது அதன் நெடும்பக்கமும் குறும்பக்கமும் மாறி மாறி நம்மை நோக்குவதால் ஒளி கூடிக் குறைகின்றது என்றனர்.

பிறிதொரு விளக்கத்திற்கும் அங்கே இடமிருந்தது. உருண்டையான பொருளாயினும், சில பக்கங்கள் வெளிறியும் சில பக்கங்கள் கறுத்தும் இருக்குமாயின் ஒளி இவ்வாறே மாறுமன்றோ? சனிக்கோளின் ஐயாபிட்டஸ் என்னும் திங்களுக்கு ஒருபுறம் பனிபோல் வெண்மையும் மறுபுறம் மைபோற் கருமையும் உண்டு. ஹெக்டரும் அத்தன்மையதோ என்பது வினா. இவ்வழக்கைத் தீர்த்துவைத்தவர் ஹார்ட்மன், குருக்ஷாங்கு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர். அவர்கள் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒளியையும் வெப்பத்தையும் ஒரே நேரத்தில் அளந்த முடிவினைக் கூறினர். அதன் நுட்பம் போற்றத்தக்கது. நிற வேறுபாடே காரணமாயின், கறுத்த பக்கம் நம்மை நோக்கும்போது ஒளி குறைந்து வெப்பம் கூடுதல் வேண்டும்; ஏனெனில் கறுப்பே மிகுந்த வெப்பத்தை உமிழும். வடிவமே காரணமாயின், நெடும்பக்கம் நோக்கும்போது இரண்டும் ஒருங்கே கூடி, குறும்பக்கம் நோக்கும்போது இரண்டும் ஒருங்கே குறைதல் வேண்டும். அளந்து பார்த்தபோது இரண்டும் ஒருங்கே கூடின, ஒருங்கே குறைந்தன. ஹெக்டர் நீண்ட வடிவுடையதே என்பது உறுதியாயிற்று. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளமும், அதிற் பாதி அகலமும் உடையது அது.

தீர்ந்த வழக்கினின்று மற்றொரு வழக்குப் பிறந்தது. பொருள் பெரிதாகப் பெரிதாக அதன் சொந்த ஈர்ப்பே அதனை உருண்டையாக்க முயலும். சிறிய பாறைகள் எவ்வடிவிலும் இருக்கலாம்; இத்துணைப் பெரியது இத்துணை நீண்டிருப்பது விந்தையே. ஆதலின், ஹெக்டர் ஒன்றன்று. மெல்ல வந்து ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொண்ட இரண்டு பாறைத் திரள்கள் அது என்னும் கருத்து எழுந்தது. பின்னர் ஹவாய்த் தீவின் எரிமலை முடிமேல் நிறுவப்பட்ட கெக்கு என்னும் பெருந்தொலைநோக்கி இதற்குத் துணைசெய்தது. காற்றின் அசைவினால் விண்மீன்கள் மினுக்குகின்றன. அம்மினுக்கத்திற்கு ஏற்பக் கண்ணாடியையே நொடிக்கு நொடி நெளியச்செய்து தெளிவான உருவைப் பெறும் உத்தி அத்தொலைநோக்கியில் உண்டு. 2006ஆம் ஆண்டில் மார்ச்சி என்பவரும் அவர்தம் கூட்டத்தாரும் அதன் வழியே ஹெக்டரை நோக்கினர். இருதலைகொண்ட நீண்ட உருவம் தெரிந்தது. அதனோடு எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. ஹெக்டருக்கு ஒரு திங்கள் உண்டு!

ஏறத்தாழ 12 கிலோமீட்டர் குறுக்களவே உடைய அச்சிறு திங்கள், ஹெக்டரிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தொலைவில், மூன்று நாளுக்கு ஒருமுறை அதனைச் சுற்றிவருகின்றது. அதன் வழி வட்டமாய் இல்லாமல் நீள்வட்டமாய், பெரிதும் சாய்ந்தும் இருப்பது ஆய்வாளர்க்கு வியப்பளித்தது; அவ்வழியைக் கணித்து அறியப் பல ஆண்டுகள் ஆனமையால் 2014ஆம் ஆண்டிலேயே முழு விவரமும் வெளிவந்தது. அத்திங்களுக்கு ஸ்கமாண்டிரியஸ் எனப் பெயரிட்டனர். துரோய் நகரின் அருகே ஓடும் ஆற்றின் பெயரால், ஹெக்டர் தன் இளமகனை அழைத்த பெயர் அது. ஊரார் அக்குழந்தையை வேறு பெயரால் அழைத்தனர் என்றும், தந்தை மட்டும் இப்பெயரிட்டு அழைத்தான் என்றும் காப்பியம் கூறும். போர்க்களம் செல்லுமுன் மகனைக் கையிலேந்தி ஹெக்டர் விடைபெற்ற காட்சி, அக்காப்பியத்தைக் கற்றார் மறவாத ஒன்று. பகைவர் பாசறையில் தனித்து நின்ற அத்தந்தைக்கு, ஒரு நூற்றாண்டு கழித்து மகன் துணையாய்க் கிடைத்தான் எனலாம்.

திங்களின் போக்கைக்கொண்டு ஹெக்டரின் பொருண்மையைக் கணிக்கலாம்; பொருண்மையோடு வடிவினையும் கொண்டு அடர்த்தியைக் கணிக்கலாம். அடர்த்தி தெரிந்தால் அது பாறை மிகுந்ததோ, பனிக்கட்டி மிகுந்ததோ என்பது புலப்படும். ஆனால் வடிவினைக் கொள்ளும் முறைக்கேற்ப விடையும் மாறுகின்றது. ஆதலின் இதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர்கள் இதில் இத்துணை ஆர்வம் காட்டுவது வீண் அன்று. ஹெக்டர் எங்கே பிறந்தது என்னும் வினாவுக்கு அது விடைகூறும். அதன்வழியே கோள்கள் யாவும் இன்றுள்ள இடத்தை எவ்வாறு அடைந்தன என்பதும் விளங்கும்.

முன்னாளில், வியாழன் உருவாகியபோது அதன் அருகிலே கிடந்த பாறைகளே துரோயராய் அமைந்தன என எண்ணினர். அங்ஙனமாயின் அவற்றின் வழிகள் வியாழனின் வழியோடு ஏறத்தாழ ஒரே தளத்தில் இருத்தல் வேண்டும். ஆனால் ஹெக்டரின் வழி 18 பாகை சாய்ந்துள்ளது. அதனினும் மிகச் சாய்ந்தனவும் பல. பிரான்சு நாட்டு நீசு நகரை மையமாகக்கொண்டு ஆராய்ந்த அறிஞர் நால்வர், 2005ஆம் ஆண்டில் புதியதொரு விளக்கம் தந்தனர். தொடக்கத்தில் பெருங்கோள்கள் இன்றுள்ள இடங்களில் இல்லை; அவை மெல்ல இடம்பெயர்ந்தன. அப்பெயர்ச்சியின்போது ஒரு காலத்தில் எங்கும் கலக்கம் மூண்டது. வியாழனின் மூலைகளில் முன்பிருந்தவை வெளியேறின. ஞாயிற்றிலிருந்து மிகத் தொலைவில் பனிவெளியில் திரிந்தவற்றுள் சில அங்கே புகுந்தன. கலக்கம் அடங்கியதும் வாயில் அடைபட்டது. புகுந்தவை அங்கேயே சிறைப்பட்டன என்பது அவ்விளக்கம். துரோயரின் கரிய, சற்றே செம்மை கலந்த நிறம், நெடுந்தொலைவில் உள்ள பனிப்பொருள்கள் சிலவற்றின் நிறத்தை ஒத்திருப்பதும் இதற்குச் சார்பாக உள்ளது. இவ்விளக்கம் மெய்யாயின், ஹெக்டர் வியாழனின் உடன்பிறப்பு அன்று. வழியிற் சேர்ந்த அயலான்.

மெய்யோ அன்றோ என்பதனை அறிய, அருகே சென்று காண்பதே வழி. அதன்பொருட்டு அமெரிக்க நாட்டார் 2021ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் 'லூசி' என்னும் விண்கலத்தை ஏவினர். எத்தியோப்பிய நாட்டில் 1974ஆம் ஆண்டு கிடைத்த, மாந்தரின் மூதாதையர் இனத்தைச் சேர்ந்த பெண்ணின் எலும்புக்கூட்டிற்கு வழங்கும் பெயரே அக்கலத்திற்கும் இடப்பட்டது. முன்கூறிய நால்வருள் ஒருவராகிய லெவிசன் அப்பணிக்குத் தலைவராய் அமைந்தார். செல்லும் வழியில் 2023ஆம் ஆண்டிலும் 2025ஆம் ஆண்டிலும் இரு சிறுகோள்களை அணுகி அது படம் பிடித்தது. 2027ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிரேக்கர் பாசறையைச் சேர்ந்த யூரிபேட்டிசை அணுகி, 2028ஆம் ஆண்டு முடியுமுன் அப்பாசறையில் மேலும் மூன்றினைக் கண்டு, 2033ஆம் ஆண்டில் துரோயர் பாசறையில் உள்ள பட்ரோக்லசை அடையுமாறு அதன் பயணம் வகுக்கப்பட்டுள்ளது. பட்ரோக்லசும் தனித்தது அன்று. ஏறத்தாழத் தன்னளவே உள்ள மெனோட்டியஸ் என்னும் துணையொடு கூடிச் சுழல்வது.

அப்பயணத்தில் ஹெக்டருக்கு இடமில்லை. அக்கலம் செல்லும் வழி வேறு. கிரேக்கர் பாசறையில் நான்கு பாறைகளைக் கண்டு செல்லும் லூசி, அங்கே நிற்கும் துரோய் வீரனை மட்டும் காணாது செல்லும். அவ்விருட்கோள் தன் சிறு திங்களொடு, ஞாயிற்றினின்றும் வியாழனினின்றும் ஒத்த தொலைவில், 1907ஆம் ஆண்டு முதல் இதுவரை ஏறத்தாழப் பத்துச் சுற்றுகளை முடித்திருக்கின்றது.